உதறாத துண்டு

கையை உருவிக்கொண்டு போனவன் நீதான், வேறு யாரையும் இதில் இழுக்காதே. வெள்ளிக்கரட்டின் உச்சியில் இரும்புக் கோபுரத்தை நட்டு, சுற்றிலும் முள்வேலி கட்டி, வேலியில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண்பிள்ளையின் படத்தை மாட்டிவிட்டு, கீழே ஜீப்காரன் ஹாரன் அடித்ததும் பாதிப் பேரத்தில் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு, "இதோ வந்துடறேம்மா" என்று சொல்லி இறங்கினாயே, அந்த "இதோ"வுக்கு இந்த ஆவணியோடு மூன்று வருஷம் முடிகிறது. உன் பெயர் இந்த ஊருக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, இங்கே யாரும் கேட்கவும் இல்லை. கட்டம் போட்ட சட்டை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, வலது கட்டைவிரலில் செத்துக் கறுத்த நகம். அந்த நகத்தைக்கூட யாரும் கண்ணால் பார்க்கவில்லை, துண்டுக்குள் தடவிப் பார்த்து ஒச்சம்மா சொன்னதுதான்.

யாரிடம் கையை நீட்டுகிறோம் என்று விசாரித்துவிட்டாவது நீட்டியிருக்கலாம். ஒச்சம்மா ஆட்டுத் தரகு பார்க்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், இடுப்பில் மூன்று வயது மகளும் கையில் இரண்டு வெள்ளாடுமாகச் செவ்வாய்ச் சந்தைக்குப் போனவளிடம், பொம்பளையோடு துண்டு போட மாட்டோம் என்று தரகர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இரக்கப்படுகிறவன்போல வந்த ஒருவன், வயிறு முட்டத் தண்ணீர் ஏற்றிய நோஞ்சான் கிடாயைக் கொழுத்த கிடாய் என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான்; அது வழியிலேயே படுத்துச் செத்தது. அதற்கு அடுத்த செவ்வாயிலிருந்து ஒரு வருஷம் முழுக்க அவள் ஒன்றும் வாங்காமல் ஒன்றும் விற்காமல் சந்தை வேப்பமரத்தடியில் பிள்ளையோடு நின்று, துண்டு மூடிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விலை துண்டுக்குள் விரலால் நடக்கும், வாய் திறக்காது, பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஆனால் எந்த விரல் அமுங்கினால் முழங்கையில் எந்த நரம்பு துள்ளும் என்பதை அந்த வருஷத்தில் அவள் படித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு விலையையும் ஒளிக்க முடியாமல் போகவே, தரகர்கள் வேறு வழியில்லாமல் அவளுக்கும் கை கொடுத்தார்கள்.

அவள் உன்னிடம் பணம் கேட்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா. கரட்டில் அவளுடைய ஆட்டுப்பட்டி இருந்த இடத்தைத்தான் நீ கேட்டாய். எடுத்துக்கோ, எத்தனை மாசத்தில் போனுக்கு லைன் வரும், அதை மட்டும் விரலில் சொல் என்று அவள் தோளில் கிடந்த பச்சைத் துண்டை விரித்தாள். நீ சிரித்துக்கொண்டேதான் கையை விட்டாய். அவள் ஒரு விரல் பிடித்தாள், நீ ஐந்தையும் பிடித்தாய், அவள் உதறிவிட்டு இரண்டு பிடித்தாள், கடைசியில் நீ அவளுடைய மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தாய். மூன்று மாசம். இந்தப் பக்கத்துச் சந்தையில் அதற்கு மேல் இன்னும் ஒரு காரியம் உண்டு: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை வெளியே எடுத்து, துண்டின் இரண்டு முனையை இரண்டு பேரும் பிடித்து ஓர் உதறு உதற வேண்டும். உதறினால்தான் பேரம் முடிந்தது. உதறாத துண்டில் பேரம் உயிரோடு கிடக்கும். அந்த நேரத்தில்தான் ஹாரன் அடித்தது. அந்த நேரத்தில்தான் நீ கையை உருவினாய்.

அவள் துண்டை உதறவில்லை. ஒற்றை ஆளாக உதறினால் பேரம் செத்துவிடும். கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே உன் கை இருந்த பள்ளம் கலையாமல் நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு கரட்டை விட்டு இறங்கினாள். சந்தைக்கு வேறு துண்டு எடுத்துக்கொண்டாள்.

சரியாக மூன்றாவது மாசம் முடிந்த அன்று, ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை முடிந்து வந்த ஒச்சம்மா பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டுக்குட்டிக்கு முழு டிக்கெட் போட்ட கண்டக்டரை, பஸ் கிளம்பிப் போன பிறகும் நின்று வைதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற தவசி வாத்தியாரின் சட்டைப்பையில் கிடந்த போன் குருவிக்கூடு மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்தது. நாலு மாசத்துச் செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. வாத்தியார் போனைப் பார்த்தார், கரட்டின் மேலே கோபுரத்தைப் பார்த்தார், அங்கே ஒரு காக்காய் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒச்சம்மா வைதுகொண்டே வீட்டுப் பக்கம் நடக்க, சத்தம் குறைந்தது. வாத்தியார் பின்னாலேயே நடக்க, சத்தம் திரும்ப வந்தது.

"அக்கா, லைன் ஒங்ககிட்ட இருக்கு" என்றார் வாத்தியார், அவள் தலையில் ஓணான் உட்கார்ந்திருப்பதைச் சொல்வதுபோல.

"இருந்துட்டுப் போகுது. நீங்க எதுக்கு ஏம் பின்னாடியே வாரீக?" என்றாள் ஒச்சம்மா.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரம் உதறாமல் கிடக்கிறது, கோபுரத்துக்குப் போகவேண்டிய லைன் துண்டுக்குள் எஞ்சி நின்ற கைக்கு வந்திருக்கிறது, வேறு எங்கே போகும் என்று டீக்கடை வீரணன் சொன்னான், எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள். ஓர் ஆடு கத்தினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் அவளைச் சுற்றி லைன் இருந்தது. ஊர் அதற்கு நிழல் என்று பெயர் வைத்தது. "ஒச்சம்மா நிழலு இப்ப எங்கன கெடக்கு?" என்று ஒருவர் கேட்பார், "ஓடைப் பக்கம் போயிருச்சு, ஆடு மேயுது" என்று இன்னொருவர் சொல்வார், கேட்டவர் போனைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடப்பார்.

வேலியில் நீ மாட்டிய படத்தைப் பார்த்து இந்த ஊரில் ஒருவரும் போன் வாங்கவில்லை, அதைத் தெரிந்துகொள். வாத்தியாரை விட்டால் முதலில் வாங்கியவள் மாயக்கா. வடக்கே லாரி ஓட்டப் போன புருஷன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வாங்கினாள். மாயக்கா புருஷன் முகத்தைப் பார்ப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், தன் புருஷன் வீட்டுத் திண்டில்தான் படுத்துக் கிடக்கிறான் என்றாலும் அவளும் ஒன்று வாங்கினாள். எருமைக்கு மடி வீங்கியபோது படம் எடுத்து மாட்டு டாக்டருக்கு அனுப்பினார்கள், மறுமொழி வந்தது, எருமை பிழைத்தது, எருமை வைத்திருந்த ஏழு வீட்டிலும் ஏழு போன் வந்தது. சலூன்காரனிடம் இளவட்டங்கள் படத்தை நீட்டி இதே மாதிரி வெட்டு என்றார்கள், அவன் அந்த மாதிரி வெட்டுவது எப்படி என்று அதே போனில் பார்த்து வெட்டினான். இதெல்லாம் நமக்கெதுக்கு என்று ஆறு மாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த வீரணன், ஊரே சேர்ந்து சிரிக்கிற ஒரு சிரிப்பு தனக்கு மட்டும் புரியாமல் போன ஒரு சாயங்காலத்தைப் பொறுக்கமாட்டாமல் மறுநாளே டவுனுக்குப் போய் வந்தான். அதற்குப் பிறகு மழை வருமா என்று போனைக் கேட்காமல் அடுப்பைக்கூட அவன் வெளியே எடுத்து வைப்பதில்லை. இப்படி ஒரு வீட்டுச் சுவரிலிருந்து அடுத்த வீட்டுச் சுவருக்குத் தாண்டித் தாண்டி, ஆசையும் பொறாமையும் அவசரமும் வெட்கமும் விளையாட்டுமாகச் சேர்ந்து, ஒன்றரை வருஷத்தில் போன் இல்லாத கை இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று ஆனது. அது ஒச்சம்மாவின் கை.

"விரலில்லாதவங்கூட நான் பேச்சு வச்சுக்க மாட்டேன்" என்பாள் அவள்.

நிழலுக்கு ஒரு குணம் இருந்ததை ஊர் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்தது. ஒச்சம்மாவுக்குக் கோபம் வந்தால் லைன் தெளியும். அவள் தூங்கினால் எழுத்து மட்டும் வரும். சும்மா உட்கார்ந்திருந்தால் பேச்சு வரும். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டால் படம் கண்ணாடியில் தெரிகிறமாதிரி ஓடும். தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா. மாயக்கா மகள் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிற கடைசி நாள், சுற்றுகிற வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, வாத்தியார் வீரணனைப் பார்த்துக் கண் காட்ட, வீரணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான்.

"ஏக்கா, நேத்து நீங்க வெலை முடிச்சுக் குடுத்த கெடா, ஆடா நாயான்னு வாங்குனவுக குழம்பிப் போயிட்டாகளாமே."

"ஒங்கப்பன் மீசைய மழிச்சு அதுக்குத் தாடியா ஒட்டிவிட்டிருக்கேன், போயி அப்பான்னு கூப்புடு, திரும்பிப் பாக்கும்."

"அதுக்குப் பல்லே இல்லையாம்."

"ஏண்டா, டீத்தூளுல புளியங்கொட்டப் பொடியக் கலந்து ஊருக்கே வயித்தால போகவிட்ட பய, ஏங் கெடாவுக்குப் பல்லு எண்ண வந்துட்டியாக்கும்?"

"ஏறுது, ஏறுது" என்றார் வாத்தியார் மெதுவாக, போனைப் பார்த்துக்கொண்டே.

"என்னது ஏறுது?"

"விண்ணப்பம்க்கா. போயிருச்சு."

அப்போதுதான் ஒச்சம்மாவுக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் வந்த கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும்விடப் பெரியது. அன்று அந்த ஒரு மணி நேரத்தில் ஊர் அந்த வாரத்துக்கு வேண்டியதை எல்லாம் இறக்கிவைத்துக்கொண்டது. பிறகு அதுவே முறையாகிப் போனது. காலையில் ஒன்பது மணிக்கு வாத்தியார் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், ஆகவே எட்டே முக்காலுக்கு யாராவது ஒருவர் ஒச்சம்மாவை வம்புக்கு இழுக்க வேண்டும். யார் என்பதற்கு முறை வைத்துக்கொண்டார்கள், கோயில் கொடைக்கு வீட்டு வரிசை வைப்பதுபோல. நன்றாக வையத் தெரிந்தவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வதும் ஒரு திறமை என்று ஆனது. சில பேர் முந்தின நாளே யோசித்து வைத்திருந்து வந்தார்கள். தெரிந்தே செய்கிறார்கள் என்று ஒச்சம்மாவுக்கும் தெரியும், தெரிந்தும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. ஊர் வம்பு எல்லாம் மேலே விழுகிற தூறல். அடியில் ஊறுகிற தண்ணீர் வேறு. அது அவளுடைய மகள்.

பஞ்சவர்ணத்துக்கு இருபது வயது முடிந்தபோது, செவ்வாய்ச் சந்தையில், கிடாய்க்கூட்டத்துக்கு நடுவில், துண்டு போட்டு ஒச்சம்மா மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாள். அவளுக்குத் தெரிந்த நேர்மையான முறை அது ஒன்றுதான். நல்ல இடம், நல்ல பையன், துண்டை உதறியும் ஆயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான் ஆடு இல்லம்மா" என்றாள். மறுவாரம் திருப்பூருக்குப் போய் அந்தோணி என்கிற தையல்காரனைக் கட்டிக்கொண்டாள். உதறிய துண்டிலிருந்து பின்வாங்கியவள் என்று சந்தையில் ஒச்சம்மாவுக்குப் பேர் ஆனது. அந்தப் பேரைச் சுமந்துகொண்டு ஆறு வருஷம் அவள் மகள் பேரை எடுக்கவில்லை, எடுத்தவர்களோடு பேசவும் இல்லை.

ஒரு பங்குனி மத்தியானம், புளியமரத்தடியில் அவள் குட்டிக்குக் கால் லாடம்போல வளர்ந்த குளம்பைச் சீவிக்கொண்டிருந்தபோது, நிழலில் உட்கார்ந்திருந்த மாயக்காவின் போன் அடித்தது. மாயக்கா எடுத்துப் பார்த்து, போனைத் திருப்பி ஒச்சம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மதினி, பஞ்சவர்ணம்."

ஒச்சம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஆறு வருஷத்துக் கோபமும் ஒரே வாயில் வந்தது. சந்தையில் தலைகுனிந்தது, துண்டுக்கு இருந்த பேரை இழந்தது, ஒற்றை ஆளாகக் கஞ்சி குடித்தது எல்லாவற்றையும் அடுக்கி அவள் வைய வைய, போனில் மகள் முகம் கிணற்றுத் தண்ணீரில் தெரிகிறமாதிரித் தெளிந்துகொண்டே வந்தது. காதோரம் ஒற்றை நரை தெரிந்தது, கழுத்தில் தையல் நூல் ஒட்டியிருந்தது தெரிந்தது, பின்னால் சுவரில் பல்லி தெரிந்தது. மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வைஞ்சு முடிச்சிட்டியாம்மா? இன்னும் இருக்கா?"

"இருக்குடி. ஒரு வண்டி இருக்கு."

"சரி, மிச்சத்தப் பெறகு வையி. ஒங் கை எப்படிம்மா இருக்கு? வெரலு மடக்க வருதா? அம்மா, எனக்கு..."

கையைக் கேட்டதும் ஒச்சம்மாவுக்கு உள்ளே என்னவோ இளகிவிட்டது. இளகியதும் படம் நின்றது. பாதி திறந்த வாயோடு மகள் அப்படியே நின்றாள். மரத்தடியில் இருந்த மற்றப் போன்களும் நின்றன. ஏண்டா நின்னுச்சு என்று ஒச்சம்மா சீறினாள், சீறியதும் படம் ஓடியது, "அம்மா, எனக்கு..." என்றாள் மகள், அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்ப இளகியது, திரும்ப நின்றது. மூன்று முறை இப்படி. வீரணன் ஓடிவந்து, கிடாய், பல், நாய் என்று தனக்குத் தெரிந்த வம்பை எல்லாம் அவசர அவசரமாக இழுத்தான். ஒச்சம்மா அவனைப் பார்த்தாள், அவன் ஏதோ தூரத்துச் சத்தம் என்பதுபோல. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்று சாயங்காலம்வரை ஊரில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

மறுநாள் மாயக்கா எழுத்தில் கேட்டாள், என்னடி சொல்லவந்தாய் என்று. அம்மாவிடம்தான் சொல்வேன், எழுத மாட்டேன் என்று பதில் வந்தது.

"நான் திருப்பூர் போறேன்" என்றாள் ஒச்சம்மா.

ஊர் டீக்கடை முன்னால் கூடியது. போகக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. எப்போது வருவாய் என்றுதான் கேட்டார்கள். மாசக் கடைசி, பதிவு ஏற்ற வேண்டும் என்றார் வாத்தியார். இரண்டு எருமை கன்று போட நிற்கிறது என்றார்கள். மாயக்கா மகளுக்கு விண்ணப்பத்துக்குப் பதில் வருகிற நேரம். ஒருத்தியின் மருமகன் துபாயிலிருந்து வெள்ளிக்கிழமைதான் பேசுவான். கேட்கக் கேட்க எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்றும் பேராசை இல்லை, எல்லாம் அன்றாடம். வீரணன் தன் தோள்துண்டை விரித்தான். ஊருக்காக அவன் கையை விட்டான், ஒச்சம்மா விட்டாள். ஒரு விரல் ஒரு நாள். அவள் கை முழுதும் மூன்று தடவை பிடித்தாள், பதினைந்து. அவன் இரண்டு விரல் பிடித்தான். அவள் தட்டிவிட்டு மறுபடி பதினைந்து பிடித்தாள். அவன் மூன்று பிடித்தான்.

"நான் என்ன இரும்பாடா?" என்றாள் ஒச்சம்மா. "ஏந் தலையில காக்கா ஒக்காந்திருக்கா? நட்டு வச்ச எடத்துலயே நிக்க, எனக்கு என்ன நாலு காலா இருக்கு? பெத்தவ ஒருத்தி பிள்ளையப் பாக்கப் போறதுக்கு வெரலு வெரலா எண்ணிக் குடுக்குறீகளே, ஒங்களுக்கெல்லாம்..."

அந்தக் கோபத்தில் லைன் அதுவரை எப்போதும் ஏறாத உயரத்துக்கு ஏறியது. முந்தின நாளிலிருந்து முழுதாக வராமல் நின்ற செய்திகள் எல்லாம் ஒரே சமயத்தில் கூட்டத்தின் மேல் விழுந்தன; மடியில், சட்டைப்பையில், முந்தானை முடிச்சில் குருவிகள் கத்தின; பேசிக்கொண்டிருக்கிற ஒச்சம்மாவை விட்டு ஊரின் கண் முழுதும் ஒரே நேரத்தில் கீழே இறங்கிப் போனைப் பார்த்தது.

ஒச்சம்மா நிறுத்திக்கொண்டாள்.

அவள் நிறுத்தியது கொஞ்சம் பொறுத்துத்தான் எல்லாருக்கும் கேட்டது. ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாயக்கா தன் போனை அணைத்து முந்தானையில் முடிந்தாள். வீரணனின் கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்து அப்பால் விட்டுவிட்டு, தன் கையை உள்ளே விட்டாள். ஐந்து விரலையும் சேர்த்து ஒருமுறை பிடித்தாள், இரண்டாம் முறை பிடித்தாள், மூன்றாம் முறை பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தாள்.

"போயிட்டு வாங்க மதினி."

துண்டை உதறினார்கள். டீக்கடைத் தூசி எழும்பி வெயிலில் மினுங்கியது.

பஸ் ஓடைப் பாலத்துத் திருப்பத்தைத் தாண்டியதும் ஊரில் போன்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி ஆயின. பதினைந்து நாளும் ஊர் அதைத் தன் வழியில் சமாளித்தது. வாத்தியார் வருகைப் பதிவைச் சிலேட்டில் எழுதி வைத்தார். வீரணன் தினமும் காலையில் போனைத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் சார்த்தி வைத்து, மழை வருமா என்று வழக்கம்போல அதனிடம் கேட்டுவிட்டு, தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டான். எட்டே முக்காலுக்கு வம்பு முறை இருந்தவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் தங்களுக்குள் வைது பார்த்தார்கள், ருசிக்கவில்லை.

திருப்பூரில் காற்று முழுக்க யார் யாருடைய லைனோ ஓடிக்கொண்டிருந்ததால் ஒச்சம்மாவின் நிழலை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. வரிசை வீட்டில் ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் மழைபோல இரைந்தது. அந்தோணி டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, "பேசிக்கிட்டு இருங்க அத்தை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்தப் போக்கு ஒச்சம்மாவுக்குப் பிடித்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. மகள் கையை நீட்டி அம்மாவின் இடுப்பிலிருந்த பச்சைத் துண்டை எடுக்கப் போனாள்.

"அது வேணாம்டி. அதுக்குள்ள ஒருத்தன் கெடக்கான்."

மகள் சிரித்துவிட்டாள். கொடியில் கிடந்த அந்தோணியின் துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டாள். ஒச்சம்மாவின் விரல்கள் பழக்கத்தில் காத்திருந்தன: எதைப் பிடிப்பாள், எத்தனை பிடிப்பாள். மகளின் கை வந்து எந்த விரலையும் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா படுத்துக்கொண்டது.

"என்னடி வெலை சொல்ற?"

"வெலையெல்லாம் இல்லம்மா" என்றாள் பஞ்சவர்ணம். "அன்னிக்கு இதத்தான் சொல்ல வந்தேன். எனக்கு ஒம்மேல கோவம் இல்ல. அப்பவும் இல்ல. நீதான் கேக்கவே இல்ல."

இருபத்திரண்டு வருஷத் தரகில் இப்படி ஒரு கையை ஒச்சம்மா பிடித்ததில்லை. முழங்கையில் ஒரு நரம்பும் துள்ளவில்லை. பதினைந்து நாளும் அவள் மகள் வீட்டில் இருந்தாள். ஆறு வருஷத்துக் கோபம், வெளியில் வைத்த உப்பு மூட்டை மழையில் நனைந்ததுபோல, எப்போது கரைந்தது என்று தெரியாமல் கரைந்தது.

சொன்ன நாளில் திரும்பினாள். ஊர் நிறுத்தத்தில் காத்திருந்தது, மழைக்குக் குடை பிடிப்பதுபோல ஆளுக்கொரு போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு. ஒச்சம்மா கையில் புதுப் போனோடு இறங்கினாள். மகள் வாங்கிக் கொடுத்தது. அது விரலில்லாதவன் என்றாலும் அதற்கு அந்தப் பக்கத்தில் விரல் உள்ளவள் ஒருத்தி இருக்கிறாள். குருவிகள் கத்தவில்லை. ஒற்றைக் கோடு வந்தது, நடுங்கியது, போனது.

"ஏக்கா," என்றான் வீரணன், கவலையோடு, "ஒங்க கெடாவுக்குப் பல்லே இல்லையாமே."

"ஆமாடா. எனக்கே ரெண்டு இல்ல" என்று ஒச்சம்மா சிரித்தாள்.

ஊர் பயந்துபோனது. மாதம் ஒன்று முயன்றது. வம்பில் புது வம்பு, பழைய வம்பு, செத்துப்போன புருஷனை இழுக்கிற வம்புகூட. அவள் கேட்டுக்கொண்டு, பாவம் என்பதுபோலப் பார்த்துவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். வேண்டுமென்றே செய்யவில்லை, அவளும் தனியாக உட்கார்ந்து கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அவளுக்கும் லைன் வேண்டும், மகள் முகம் பார்க்க வேண்டும். மாயக்கா வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்து, இருட்டிக் கிடக்கிற போனை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். அதைத்தான் ஒச்சம்மாவால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவள் இடுப்பில் கைவைத்துத் துழாவினாள். மடித்த துண்டு தட்டுப்பட்டது. உள்ளே உன் கை இருந்த பள்ளம் தட்டுப்பட்டது. அந்தச் செத்த நகம் ஞாபகம் வந்தது.

மாயக்காவின் மடியில் குருவி கத்தியது.

அன்றிலிருந்து தினமும் உச்சிவெயிலில் ஒச்சம்மா கரட்டில் ஏறி, உன் கோபுரத்தின் கீழே நின்று, உன்னை ஒரு மணி நேரம் வைகிறாள். ஊர் பின்னாலேயே ஏறிப் பாறைகளில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. நீ கையை உருவியதிலிருந்து ஆரம்பித்து, உன் கட்டம் போட்ட சட்டை, உன் சிவப்புக் கயிறு, உன் ஹாரன், உன் "இதோ" என்று அவள் அடுக்க அடுக்க, வாத்தியார் பதிவு ஏற்றுகிறார், எருமைக்கு மருந்து வருகிறது, மாயக்கா மகளுக்கு இடம் கிடைத்த கடிதம் வருகிறது, துபாய் மருமகன் சிரிக்கிறான். உன்மேல் உள்ள கோபம் ஒன்றில்தான் இந்த ஊர் இன்று ஓடுகிறது. கடைசியில் அவள் தன் போனை எடுத்து மகளை அழைக்கிறாள். உன்னை வைதுகொண்டே அழைக்கிறாள், வைதுகொண்டே மகள் முகத்தைப் பார்க்கிறாள், மகளும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நீ யார் என்றே தெரியாமல் உன் கதையைக் கேட்கிறாள். ஒரு நொடி மூச்சு வாங்கி, "சாப்பிட்டியாடி?" என்று ஒச்சம்மா கேட்பாள். அவ்வளவுதான், படம் நின்றுவிடும். என்ன சாப்பிட்டாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு அலுத்துவிட்டது. கோபப்பட்டுக் கோபப்பட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்று சந்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, சரி, பிழைத்துவிட்டாள். இனி அவளுக்கு ஆற வேண்டும். ஆறின மனசோடு மகளிடம் என்ன குழம்பு என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்க வேண்டும், மற்ற ஊரில் மற்றத் தாய்மார்கள் கேட்பதுபோல. மூன்று வருஷமாக ஒரு பொம்பளையின் கோபத்தைப் பிழிந்து ஊருக்கு லைன் ஓடுகிறது, நீ எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து, வெள்ளிக்கரட்டில் எல்லாரும் போன் பார்க்கிறார்கள் என்று யாருக்கோ கணக்குக் காட்டிக்கொண்டிருப்பாய்.

அதனால் வா. பஸ்ஸோ ஜீப்போ, எதில் முடியுமோ அதில் வா. வழி மறந்திருந்தால் பிள்ளையார் கோயில் நிறுத்தத்தில் இறங்கி, யார் வைகிற சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஏறு. பச்சைத் துண்டை அவள் இடுப்பிலிருந்து எடுத்து மடிப்புப் பிரித்து வலது கைமேல் விரித்து வைத்திருக்கிறாள், உன் பக்கம் காலியாகக் கிடக்கிறது. கையை உள்ளே விடு. மூன்று விரலை நீதான் பிடித்தாய், அதே மூன்றைப் பிடி. அப்புறம் உன் பக்கத்து முனையை நீ பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து ஒரே ஓர் உதறு உதறிவிட்டுப் போ.